26 வயதில் மூடிய கதவு

1996 பெப்ரவரி 14. ஜப்பானில் ஹபு யோஷிஹாரு என்ற 25 வயது இளைஞர் ஷோகி விளையாட்டில் அப்போதிருந்த ஏழு பெரிய பட்டங்களையும் ஒரே நேரத்தில் தன் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. ஷோகி விளையாடத் தெரியாதவர்களுக்கும் அவருடைய பெயர் தெரிந்துபோனது.

அடுத்த மாதம், மார்ச் 23. செகாவா ஷோஜி என்பவருக்கு 26 வயது நிறைந்தது. ஹபு பிறந்த அதே 1970ஆம் ஆண்டில்தான் அவரும் பிறந்தார். அவரும் சின்ன வயதிலிருந்தே ஷோகியே கதி என்று கிடந்தவர்தான். அந்த மாதத்தோடு ஷோகிப் பயிற்சிக் கழகத்திலிருந்து அவர் வெளியேற வேண்டியதாயிற்று. களவு செய்யவில்லை, ஒழுங்கீனமும் இல்லை. வயது போய்விட்டது, அவ்வளவுதான்.

ஹபுவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் ஆசிரியர்கள். எங்கள் வகுப்பில் ஒரு ஹபு வந்து உட்கார்ந்தால் அவரை நாங்கள் பெரிதாக வளர்க்கத் தேவையில்லை, குறுக்கே நிற்காமல் இருந்தாலே போதும். மற்ற 39 பிள்ளைகளும் செகாவாக்கள்தான். ஆகவே இன்று செகாவாவின் கதையைச் சொல்லப்போகிறோம். கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை.

ஷோகி என்பது ஜப்பானியர்களின் சதுரங்கம். நமது செஸ் பலகையில் 64 கட்டம். ஷோகியில் 9க்கு 9, மொத்தம் 81 கட்டம். ஆளுக்கு 20 காய்கள். காய்கள் எல்லாம் ஐந்து மூலையுள்ள தட்டையான மரத்துண்டுகள், மேலே எழுத்து எழுதியிருக்கும். கறுப்பு, வெள்ளை என்ற பேதம் கிடையாது. எல்லாக் காயும் ஒரே நிறம். எந்தப் பக்கம் முனை பார்க்கிறதோ அதை வைத்துத்தான் யாருடைய காய் என்று தெரியும்.

ஏன் அப்படி என்றால், செஸ்ஸில் வெட்டுப்பட்ட காய் பெட்டிக்குள் போய்விடும். அந்த ஆட்டத்தில் அதற்கு வேலை முடிந்தது. ஷோகியில் அப்படியில்லை. வெட்டியவர் அந்தக் காயைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வார். பிறகு தன்னுடைய முறை வரும்போது, வெறுமையாக உள்ள ஒரு கட்டத்தில் அதைத் தன்னுடைய காயாகவே இறக்கலாம். சில சில கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் அடிப்படை இதுதான்: வெளியே போன காய் திரும்ப வரும். ஒரு விசயம் மட்டும். பதவி உயர்ந்திருந்த காய் வெட்டுப்பட்டால், திரும்பி வரும்போது பழைய சாதாரண நிலையில்தான் வரும். உயர்வை மறுபடியும் உழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காய்களுக்கு இப்படி ஒரு வழி வைத்திருந்த ஷோகி உலகம், மனிதர்களுக்கு நீண்ட காலம் அந்த வழியை வைத்திருக்கவில்லை.

ஜப்பானில் ஷோகி ஒரு தொழில். பெரிய பத்திரிகை நிறுவனங்கள் போட்டிகளை நடத்திப் பணம் கொடுக்கின்றன. தொழில்முறை வீரர்கள் ஏறத்தாழ 170 பேர்தான். அந்தக் கூட்டத்துக்குள் நுழைய வழமையான வாசல் ஒன்றே ஒன்று. அதன் பெயர் ஷோரெய்காய். பயிற்சிக் கழகம் என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயதில் பிள்ளைகள் அங்கே சேருவார்கள். சேருவதற்கே பரீட்சை. ஊரில் எல்லோரையும் தோற்கடித்த பிள்ளைதான் அந்தப் பரீட்சைக்கே போகும். உள்ளே போனால் எல்லோரும் அப்படிப்பட்ட பிள்ளைகள். 6ஆம் கியூவில் தொடங்கி, 1ஆம் கியூ வரை ஏறி, பிறகு 1ஆம் டான், 2ஆம் டான், 3ஆம் டான். கராத்தே பழகும் பிள்ளைகளுக்கு இந்த டான் கணக்கு தெரியும்.

3ஆம் டானில்தான் கழுத்து நெரியும். அங்கே முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு லீக். ஆளுக்கு 18 ஆட்டம். முதல் இரண்டு இடத்தைப் பிடிப்பவர்கள் 4ஆம் டான் ஆவார்கள். 4ஆம் டான் என்றால் தொழில்முறை வீரர். ஆக, ஜப்பான் முழுவதிலிருந்தும் ஆண்டுக்குப் பெரும்பாலும் நான்கு பேர். மற்றவர்களுக்கு அடுத்த ஆறு மாதம் இன்னொரு லீக்.

இதற்கு மேலே வயதெல்லை. 21 வயதுக்குள் 1ஆம் டான் எடுக்க வேண்டும். 26 வயதுக்குள் 4ஆம் டான். லீக்கில் தோல்வியைவிட வெற்றி கூடுதலாக வைத்திருப்பவருக்கு 29 வரை கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப்புக் கிடைக்கும். இல்லாவிட்டால் வெளியே.

கேட்கும்போது கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதியை வைத்தவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லவும் முடியாது. அவர்கள் சொன்ன நியாயம் இது: எல்லை இல்லாவிட்டால் ஒரு பிள்ளை 35 வயது, 40 வயது வரை இந்த வருசம் வந்துவிடும், அடுத்த வருசம் வந்துவிடும் என்று காத்திருக்கும். பிறகு வேறு தொழில் பழகவும் காலம் இருக்காது. 26 என்றால் இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கலாம். போட்டிப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் எந்த ஆசிரியருக்கும் இந்த நியாயம் விளங்கும். நம் நாட்டில் உயர்தரப் பரீட்சையைப் பல்கலைக்கழகத்துக்காக மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது என்று வைத்திருப்பதிலும் இதே போன்ற ஒரு நியாயம் இருக்கிறது.

சரி, செகாவாவிடம் வருவோம்.

யொகொஹாமா நகரத்துப் பையன். வகுப்பில் முன்னுக்கு நிற்கும் பிள்ளை அல்ல. அமைதியானவன், சட்டென்று கண்ணீர் வந்துவிடும் சுபாவம். பிற்காலத்தில் தன் கதையை அவர் புத்தகமாக எழுதியபோது அதன் தலைப்பிலேயே தன்னை அழுமூஞ்சி என்றுதான் சொல்லிக்கொண்டார். அந்தப் புத்தகம் 2018இல் சினிமாப் படமாகவும் வந்தது. படத்தை எடுத்த இயக்குநர் தொயோதா தொஷியாகியும் ஒரு காலத்தில் ஷோரெய்காயில் இருந்து வெளியேறியவர்தான்.

செகாவா ஷோகி தொடங்கியது ஐந்தாம் வகுப்பில். நமது தரம் 5 வயதுதான். அப்போது அவருக்கு ஒரு வகுப்பாசிரியை இருந்தார். அந்தப் பையனிடம் வேறு எவரும் காணாத ஒன்றை அவர் கண்டார் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பையன் ஒரு விளையாட்டில் மூழ்கியிருப்பதை அவர் கவனித்தார். கவனித்ததைப் பையனிடம் சொன்னார். பாராட்டினார். விரும்புகிற ஒன்றில் மனம் வைத்து இறங்குவது நல்ல காரியம் என்று அவனுக்கு விளங்க வைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஷோகி சொல்லிக்கொடுத்தவர் அவர் அல்ல.

நாங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தோம். தரம் 5 என்றால் நமக்குப் புலமைப்பரிசில். பாடசாலை, வீடு, டியூஷன் எல்லாமே ஒரு வெட்டுப்புள்ளியைப் பார்த்துத்தான் ஓடும். அந்த வருசத்தில் ஒரு பிள்ளை படம் கீறுகிறதா, கதை சொல்கிறதா, கரம் விளையாட்டில் கோணம் பார்த்து அடிக்கிறதா என்று கவனிக்க யாருக்கு நேரம்? நேரமில்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஆசிரியைக்கும் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள், பாடத்திட்டமும் இருந்தது.

பையன் அருகிலிருந்த ஷோகி மன்றத்துக்குப் போகத் தொடங்கினான். எதிர்வீட்டில் இவன் வயதொத்த ஒரு நண்பன், அவனும் ஷோகிப் பைத்தியம். இருவரும் போட்டி போட்டு வளர்ந்தார்கள். 1984இல், 14 வயதில், செகாவா ஷோரெய்காயில் சேர்ந்தார். எட்டு ஆண்டு ஏறி 1992இல் 3ஆம் டானுக்கு வந்தார். 22 வயது. இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. நான்கு ஆண்டு என்றால் எட்டு லீக். எட்டில் ஒன்றிலாவது முதல் இரண்டுக்குள் வர மாட்டோமா என்று யாரும் நினைப்பார்கள்.

வரவில்லை.

1996 மார்ச்சில் 12 ஆண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை, வேறு எந்தத் தொழிலும் பழகவில்லை. அதே மாதங்களில்தான் தன் வயதையொத்த ஒருவர் ஏழு பட்டங்களோடு நாடெங்கும் கொண்டாடப்படுகிறார். அந்த மனிதரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஷோகிப் பலகையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்காமல் போனதில் என்ன ஆச்சரியம்?

இங்கேதான் இந்தக் கதையை நாங்கள் வழமையான ஊக்கமூட்டும் கதைகளிலிருந்து பிரித்துப் பார்க்கிறோம். மனம் தளராமல் இரவு பகலாக உழைத்தார், மூடிய கதவை உடைத்தார் என்று நாங்கள் எழுதினால் அது பொய். அவர் கதவடியில் நிற்கவே இல்லை. திரும்பி நடந்தார். விதி போட்டவர்கள் எதை விரும்பினார்களோ அதையே செய்தார். இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கினார்.

கனகாவா பல்கலைக்கழகத்தின் இரவு நேரச் சட்டப் பிரிவில் சேர்ந்து படித்தார். தன்னைவிட வயது குறைந்தவர்களோடு வகுப்பில் உட்கார்ந்தார். படித்து முடித்து, என்.ஈ.சி நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த ஒரு கம்பனியில் கணினிப் பொறியியலாளராக வேலைக்குச் சேர்ந்தார். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் சாதாரண மனிதர்.

ஷோகி எப்படித் திரும்ப வந்தது? எதிர்வீட்டு நண்பன் மூலமாக. பழைய சிநேகிதனோடு உட்கார்ந்து காய் நகர்த்தியபோது, பல வருசங்களாகக் காணாமல்போன ஒன்று திரும்பி வந்தது. விளையாட்டு சந்தோசமாக இருந்தது. ஷோரெய்காயில் ஒவ்வொரு ஆட்டமும் வாழ்வா சாவா என்று இருந்தது. தோற்றுவிடக் கூடாதே என்று கையைக் கட்டிக்கொண்டு விளையாடிய காலம் அது. இப்போது தோற்றால் ஒன்றும் ஆகாது. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி விளையாடிய செகாவா முன்பைவிடப் பலசாலியாகிவிட்டார். 1999இல் அமெச்சூர் மெய்ஜின் பட்டம் வென்றார். 2002இல் அமெச்சூர் ஓஷோ பட்டம். ஜப்பானில் சில தொழில்முறைப் போட்டிகளில் சிறந்த அமெச்சூர்களுக்கும் சில இடங்கள் ஒதுக்குவார்கள். அந்த இடங்களில் நுழைந்து தொழில்முறை வீரர்களைத் தோற்கடிக்கத் தொடங்கினார். ஒருவரை இருவரை அல்ல. பத்து ஆட்டம் விளையாடினால் ஏழுக்கு மேல் வெற்றி. மிக உயர்ந்த A வகுப்பில் இருந்த குபோ தொஷியாகியையும் கிங்கா என்ற தொலைக்காட்சிப் போட்டியில் வென்றார்.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. தொழில்முறை வீரர்களைத் தொடர்ந்து வெல்லும் ஒருவரைத் தொழில்முறை வீரராக இருக்கத் தகுதியில்லை என்று எப்படிச் சொல்வது?

2005 பெப்ரவரியில் செகாவா ஜப்பான் ஷோகி சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார். எனக்குப் பதவி தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பரீட்சித்துப் பாருங்கள் என்றுதான் கேட்டார். அப்போது வயது கிட்டத்தட்ட 35. நிரந்தர வேலை இருக்கிறது. தோற்றால் நாடு முழுக்கப் பார்க்கத் தோற்க வேண்டும்.

எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்களின் பக்கத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இதே விதியால் எத்தனையோ பேர் வெளியே போயிருக்கிறார்கள். அவர்கள் விதியை மதித்து ஒதுங்கிக்கொண்டார்கள். இவருக்கு மட்டும் திறந்தால் அவர்களுக்கு என்ன பதில்? இப்போது உள்ளே தூக்கமில்லாமல் கிடக்கும் 3ஆம் டான் பிள்ளைகளுக்கு என்ன பதில்? தகுதி இருக்கிறது என்பதற்காக ஒவ்வொருவருக்கும் விதியை வளைத்தால் பிறகு அது விதியா? பாடசாலையில் அனுமதி விசயத்திலோ மாணவத் தலைவர் தெரிவிலோ உட்கார்ந்தவர்களுக்கு இந்த வாதத்தின் பாரம் தெரியும்.

2005 மே 26ஆம் திகதி சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வீரர்கள் வாக்களித்தார்கள். ஆதரவு 129. எதிர்ப்பு 52. பரீட்சை நடத்துவதென்று முடிவாயிற்று.

இப்படி ஒரு பரீட்சை அதற்கு முன் நடந்தது 1944இல். பணம் வைத்து விளையாடிப் பிழைத்துவந்த ஹனமுரா மொதோஜி என்பவருக்காக. இடையில் 61 ஆண்டு.

பரீட்சை ஆறு ஆட்டம். மூன்றில் வென்றால் சித்தி.

முதல் ஆட்டம் ஜூலை 18. எதிரே உட்கார்ந்தவர் சாதோ அமாஹிகோ, 17 வயது, ஷோரெய்காயில் 3ஆம் டான். செகாவா எந்தப் படியில் நின்று தோற்று வெளியேறினாரோ அதே படியில் இப்போது நிற்கும் பையன். தன்னில் பாதி வயது. அந்தப் பையனிடம் செகாவா தோற்றார். அந்தச் சாதோ பிற்காலத்தில், 2016இல், ஹபுவையே வென்று மெய்ஜின் ஆனார் என்பது வேறு கதை. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாதே. 35 வயது மனிதர் 17 வயதுப் பையனிடம் தோற்றார் என்பது மட்டும்தான் அன்று தெரிந்தது.

பரீட்சை நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் செகாவாவுக்கு ஒரு தபாலட்டை வந்தது. டோராமொன் படம் போட்ட அட்டை. அனுப்பியவர் அந்த ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. கால் நூற்றாண்டு போய்விட்டது. அந்த ஆசிரியையிடம் எத்தனை வகுப்புகள் படித்து வெளியேறியிருக்கும்? இந்த மாணவனை அவர் மறக்கவில்லை. ஆறுதலாக நாலு வார்த்தை எழுதி அனுப்பியிருந்தார். 35 வயதுப் பொறியியலாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுமூஞ்சிப் பையனாகிவிட்டார்.

தபாலட்டை வந்ததால் வென்றார் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஆசிரியரோ பெற்றோரோ உதவிக்கு வர முடியாது. ஆனாலும் அட்டை வந்தது. தன் கதையில் அதை அவர் சொல்லாமல் விடவுமில்லை.

இரண்டாம் ஆட்டம், காமியோஷி கொயிச்சி 6ஆம் டான். வெற்றி. மூன்றாம் ஆட்டம், குபோ தொஷியாகி 8ஆம் டான். முன்பு வென்ற அதே குபோ. இந்த முறை தோல்வி. நான்காம் ஆட்டம், பெண்கள் தொழில்முறையில் முன்னணியில் இருந்த நகாய் ஹிரோயே. வெற்றி. இரண்டுக்கு இரண்டு.

நவம்பர் 6. ஐந்தாம் ஆட்டம். எதிரே தகானோ ஹிதேயுகி, 5ஆம் டான். இவரும் செகாவாவும் ஒரே காலத்தில் ஷோரெய்காயில் இருந்தவர்கள். ஒருவர் உள்ளே போனார், மற்றவர் வெளியே போனார். அன்றைக்கு ஒரு பலகையின் இரண்டு பக்கமும் அவர்கள்.

செகாவா வென்றார். ஆறாவது ஆட்டம் தேவைப்படவில்லை. 35 வயதில் தொழில்முறை 4ஆம் டான்.

இத்தோடு முடித்தால் நல்ல சினிமா. ஆனால் நாங்கள் ஆசிரியர்கள் என்பதால் பெறுபேறு வந்த பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்பதையும் பார்க்கும் பழக்கம் உண்டு.

உள்ளே விட்டார்களே தவிர, முன்வரிசையில் உட்கார வைக்கவில்லை. மெய்ஜின் பட்டத்துக்குப் போகும் வகுப்பு லீக்குகளுக்கு வெளியே உள்ள பிரிவில்தான் அவருக்கு இடம். அங்கிருந்து பத்து ஆண்டுக்குள் நல்ல வெற்றி விகிதம் காட்டி லீக்கின் கடைசி வகுப்புக்கு ஏறாவிட்டால் ஓய்வு பெற வேண்டும். வெட்டுப்பட்ட காய் திரும்பி வரும்போது சாதாரண காயாகத்தான் வரும் என்று மேலே சொன்னோமே, அதே கணக்கு. செகாவா 2009இல் அந்த லீக்குக்குள் ஏறினார். 2012இல் 5ஆம் டான். 2018இல் 6ஆம் டான். பெரிய பட்டம் எதுவும் வெல்லவில்லை. ஹபுவாக ஆகவில்லை. தான் விரும்பிய தொழிலைச் செய்யும் ஒரு தொழில்முறை வீரர், அவ்வளவுதான். நாங்கள் அதைச் சின்ன விசயமாக நினைக்கவில்லை.

இதைவிடப் பெரிய விசயம் ஒன்று நடந்தது. அவர் ஒருவருக்காக நடத்திய பரீட்சையைச் சங்கம் அடுத்த ஆண்டே நிரந்தர விதியாக்கிவிட்டது. தொழில்முறை வீரர்களுக்கு எதிராகப் பத்து வெற்றிக்குக் குறையாமல், நூற்றுக்கு 65 விகிதத்துக்குக் குறையாமல் அண்மைக்காலத்தில் எடுத்துக் காட்டினால், யாரும் விண்ணப்பிக்கலாம். புதிதாக வந்த ஐந்து தொழில்முறை வீரர்களோடு விளையாடி மூன்றில் வெல்ல வேண்டும். அதாவது, 52 பேர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இவருக்கு மட்டுமா என்றார்கள். இல்லை, எல்லோருக்கும்.

அந்த வழியால் வந்தவர்களில் இமாயிஸுமி கென்ஜி என்பவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் வயதெல்லையால் வெளியேறியது 1999இல். பிறகு இன்னொரு விதியின் கீழ் 3ஆம் டான் லீக்குக்குத் திரும்பப் போய், அங்கும் சரிவராமல் மறுபடியும் வெளியே. இரண்டு முறை. அதன் பிறகு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனார். வயோதிபர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, பராமரித்து, மிச்ச நேரத்தில் ஷோகி. 2014 டிசம்பரில் அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தார். வயது 41. 2018இல், ஜப்பானையே தன் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்திருந்த பதின்ம வயது ஃபுஜி சோதாவைத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றார்.

2023இல் கொயாமா ரேயோ என்ற இளைஞர், ஷோரெய்காயில் ஒரு நாளும் படிக்காமலே இந்தப் பரீட்சையால் தொழில்முறை வீரரானார். 2025 ஜனவரியில் நிஷியாமா தொமோகா என்ற பெண், மூன்று வெற்றி தேவைப்பட்ட இடத்தில் இரண்டோடு நின்றார். அதுவும் இந்தக் கதையின் பகுதிதான். கதவு இருக்கிறது என்றால் தட்டியவர் எல்லோரும் உள்ளே போவார்கள் என்று அர்த்தமில்லை.

இனி, இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது என்ன?

எல்லைகளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பரீட்சையும் வேண்டும், வெட்டுப்புள்ளியும் வேண்டும், வயதெல்லையும் சில இடங்களில் வேண்டும். நாற்பது பேருக்கு நான்கு இடம் என்றால் முப்பத்தாறு பேருக்கு யாராவது இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால், "இன்றைக்கு இல்லை" என்று சொல்வதும் "நீ அதற்கு லாயக்கில்லை" என்று சொல்வதும் ஒன்றா? விதி முதலாவதை மட்டும்தான் சொல்கிறது. இரண்டாவதைச் சொல்வது பெரும்பாலும் மனிதர்கள். வீட்டில், பாடசாலையில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில். 1996இல் ஷோரெய்காயின் விதி செகாவாவிடம் நேரம் முடிந்துவிட்டது என்றது. அவருக்கு ஷோகி வராது என்று அது சொல்லவில்லை. 2005இல் அது நிரூபணமானது.

இன்னொன்று. செகாவா திரும்பி வந்தது கண்ணீரையும் மனுவையும் மட்டும் வைத்துக்கொண்டல்ல. கையில் கணக்கு இருந்தது. இத்தனை ஆட்டம், இத்தனை வெற்றி. அதனால்தான் 129 பேரால் கை தூக்க முடிந்தது. எங்களிடம் வந்து, "சேர், எனக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று சொல்லும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறோம். அநியாயமாக இருக்கலாம். கேள். கேட்பதற்கு முன் கையில் எதையாவது சேர்த்துக்கொள்.

மூன்றாவது, பெற்றோருக்கு. ஒரு வழி மூடினால் பிள்ளையை இன்னொரு வழியில் அனுப்புங்கள். அது தோல்வி அல்ல. செகாவா சட்டம் படித்தார், வேலைக்குப் போனார், சொந்தக் காலில் நின்றார். அந்தக் கால்கள் இருந்தபடியால்தான் மறுபடி வந்து விளையாடும் தைரியம் வந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். இமாயிஸுமிக்கு வயோதிபர் பராமரிப்பு வேலை இருந்தது. கனவை விட்டு வேறு தொழிலுக்குப் போன பிள்ளையைப் பார்த்து, "எல்லாம் வீண்" என்று சொல்லாதீர்கள். பன்னிரண்டு வருசம் பழகியது எங்கும் போகாது. அது உள்ளே இருக்கும்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை.

ஷோகியில் தோற்பவர் தன் வாயால் "தோற்றுவிட்டேன்" என்று சொல்லித் தலை குனிந்துதான் ஆட்டம் முடியும். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். அதன் பிறகு எழுந்து போய்விடுவதில்லை. வென்றவரும் தோற்றவரும் அதே பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கி, எந்த இடத்தில் என்ன நடந்தது என்று சேர்ந்து பார்ப்பார்கள். இந்தக் காயை இங்கே வைத்திருந்தால்? அந்த நகர்வுக்குப் பதில் என்ன? சில நேரம் ஆட்டத்துக்கு நிகராக அதுவும் நீளும். உலகச் சம்பியனாக இருந்தாலும் அதைச் செய்தாக வேண்டும்.

தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிகளைக் கொடுத்த அன்றைக்கு நாங்கள் அதைச் செய்து பார்க்கலாம். ஒரு வகுப்பு முழுவதற்கும் முடியாது, தெரியும். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை. விடைத்தாளைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த இடத்தில் நீ என்ன நினைத்தாய்?" என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். நாற்பது பிள்ளைக்கு நாற்பது நாள். ஒரு தவணைக்குள் முடிந்துவிடும்.

அந்த நாற்பதில் எந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வருசம் கழித்து ஒரு தபாலட்டை எழுத வேண்டிவரும் என்று இன்றைக்கு நமக்குத் தெரியாது. பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வோம்.